உள்ளே ஒன்று, வெளியே மூன்று

உள்ளே போன ஆட்டை நோட்டில் எழுதியதுதான் தவசி செய்த தப்பு. எழுதாமல் விட்டிருந்தால் அது ஆடாகவே இருந்திருக்கும். எழுதியதும் அது சரக்காகிவிட்டது.

ஆனால் தவசியால் எழுதாமல் இருக்க முடியாது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்து, சாயப்பட்டறை, பேக்கிங், லோடு ஏற்றுவது என்று எல்லா வேலையும் பார்த்து இடுப்பு விட்டுப்போன பிறகு அவருக்குக் கிடைத்த முதல் உட்கார்ந்து பார்க்கும் வேலை இது. அவிநாசிபாளையத்தைத் தாண்டி தாராபுரம் ரோட்டில் அப்போதுதான் புதிதாகத் திறந்திருந்த ஏற்றுமதி மண்டலத்தில் கேட் காவல். 2007ஆம் வருஷம். ஊர் ஊருக்கு இப்படி மண்டலங்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம்.

உள்ளே மூன்று பனியன் கம்பெனிகள். சீனாவிலிருந்து லேஸ், பட்டன், எலாஸ்டிக் எல்லாம் இறக்குமதி வரி இல்லாமல் வந்து இறங்கும். தைத்து முடித்ததும் அத்தனையும் அப்படியே கப்பலேறிவிட வேண்டும். ஒரு பட்டன்கூட உள்ளூர் பக்கம் நழுவக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்ள அரசாங்கம் ஒரு சுங்க அதிகாரியை மண்டலத்துக்குள்ளேயே உட்கார்த்தியிருந்தது.

அதிகாரியின் பெயர் மாதவன். சென்னைக்காரர். அவருக்கு முன்னால் இருந்தவர் காலத்தில் ஒரு லாரி நூல் எப்படியோ உள்ளூர்க் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவரும் எப்படியோ அஸ்ஸாமுக்குப் போய்ச் சேர்ந்தார். மாதவனுக்கு வீட்டில் கைக்குழந்தை இருந்தது. அஸ்ஸாமுக்குப் போக விருப்பமில்லை. வந்த முதல் நாளே காவலர்களை வரிசையாக நிற்கவைத்துச் சொன்னார்.

"இந்த கேட்டுக்கு அந்தப் பக்கம் இந்தியா. இந்தப் பக்கம், வரியைப் பொறுத்தவரைக்கும், வெளிநாடு. எறும்பு உள்ள போனாலும் எழுதணும். வெளிய வந்தாலும் எழுதணும். ரெண்டும் சரியா இருக்கணும்."

மற்ற காவலர்கள் தலையாட்டினார்கள். தவசி நம்பினார்.

வீட்டுக்குப் போனதும், தான் வெளிநாட்டில் வேலை பார்ப்பதாக மனைவி ஒச்சம்மாளிடம் சொன்னார். சம்பளம் எப்படி என்று அவள் கேட்டாள். அது மட்டும் இந்தியாதான் என்று தவசி ஒப்புக்கொண்டார்.

அந்த ஆடு ஒச்சம்மாளுடையது. மகளைத் தேனிப் பக்கம் கட்டிக்கொடுத்த பிறகு, லைன் வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் இருந்தவள், பொங்கலூரில் ஒரு தோட்டத்துக்குக் களையெடுக்கப் போனபோது சின்னக் குட்டியாக அதை வாங்கி வந்தாள். செவலை நிறம். அவள் எங்கே போனாலும் பின்னாலேயே வரும். அவளும் தவசியிடம் பேசுவதைவிட அதனிடம்தான் அதிகம் பேசுவாள். தவசிக்கு இதில் வருத்தமில்லை. நாள் முழுக்க கேட்டில் ஹாரன் கேட்டுவிட்டு வருகிறவருக்கு வீட்டில் பேச்சில்லாமல் இருப்பது பிடித்துத்தான் இருந்தது. இப்போது ஆடு சினையாக இருந்தது. தலை ஈற்று.

சம்பவம் நடந்த அன்று ஒச்சம்மாள் வழக்கம்போல மதியச் சோறு கொண்டுவந்தாள். ஆடும் வந்தது. தூக்குச்சட்டியை அவள் நீட்டிக்கொண்டிருந்தபோது ஒரு லாரி உள்ளே போனது. தவசி கம்பத்தைத் தூக்கினார். லாரிக்குப் பின்னால், அந்த லாரியைச் சேர்ந்ததைப் போலவே, ஆடு நிதானமாக உள்ளே நடந்து போனது.

ஒச்சம்மாள் கூப்பிட்டாள். திரும்பவில்லை. ஓடிப் பிடிக்க அவளுக்கு கேட் பாஸ் இல்லை. தவசிக்கு பாஸ் இருந்தது. ஆனால் அவர் கேட்டை விட்டு நகரக் கூடாது. என்ன செய்வது என்று யோசித்தார். பிறகு அதிகாரி சொன்னபடியே செய்தார். நோட்டை எடுத்து, உள்ளே வந்த சரக்கு என்ற பத்தியில், "ஆடு, 1. செவலை. பெண். உரிமையாளர் ஒச்சம்மாள், என் சம்சாரம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மாற்று ஆள் வந்ததும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லி அவளை அனுப்பிவைத்தார்.

சாயங்காலம் மாற்று ஆள் வந்தான். தவசி ஆட்டைத் தேடிக்கொண்டு போனார். உள்ளே இருந்த மூன்றில் ஒன்றான பொன்னுச்சாமி கம்பெனியின் குடோனுக்குப் பக்கத்தில் தையல் பெண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். சீனத்து அட்டைப்பெட்டிகளின் நிழலில் ஆடு படுத்திருந்தது. அதன் மடியில் இரண்டு குட்டிகள் முட்டிக்கொண்டிருந்தன. ஒன்று செவலை, ஒன்று கறுப்பு.

தவசிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு குட்டியை வலது கையிலும் ஒன்றை இடது கையிலும் எடுத்துக்கொண்டு நடந்தார். ஆடு பின்னால் வந்தது. கேட்டுக்கு வெளியே ஒச்சம்மாள் நின்றிருந்தாள். கேட்டுக்கு உள்ளே மாதவன் நின்றிருந்தார். நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள வந்தது ஒண்ணு," என்றார் மாதவன்.

"ஆமா சார்."

"வெளிய போறது மூணு."

"பொறந்துருச்சு சார்."

"எங்க?"

"உள்ளதான் சார். குடோன்கிட்ட."

மாதவன் குட்டிகளைப் பார்த்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. கறுப்புக் குட்டியின் நெற்றியை ஒரு விரலால் தடவிக்கூடக் கொடுத்தார். பிறகுதான் விளக்கினார். மண்டலத்துக்குள் உண்டான எதுவும் வெளிநாட்டில் உண்டானதற்குச் சமம். அதை இந்தியாவுக்குள் கொண்டுபோனால் அது இறக்குமதி. அதற்கு அனுமதி வேண்டும், மதிப்பீடு வேண்டும், வரி கட்ட வேண்டும். ஆட்டுக்குட்டிக்கு என்ன வரி என்பது அவருக்குத் தெரியவில்லை. மேலிடத்தைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

அதுவரைக்கும் ஆட்டை மட்டும் கொண்டுபோகலாமா என்று தவசி கேட்டார். ஆட்டுக்குத் தடையில்லை, குட்டிகள்தான் இருக்க வேண்டும் என்றார் மாதவன். சொல்லிவிட்டு, குட்டிகள் கத்துவதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார்.

"வேணாம். மூணும் இருக்கட்டும். தாயையும் பிள்ளையையும் பிரிக்க நான் ஆர்டர் போட முடியாது," என்றார்.

ஒச்சம்மாள் கேட்டின் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். அன்றைக்கு வீட்டில் தவசிக்குச் சோறு இருந்தது. குழம்பு இல்லை.

மறுநாளிலிருந்து அவள் வேப்பங்குழையும் அகத்திக்கீரையும் கட்டிக் கொண்டுவந்தாள். கட்டு உள்ளே போவதால் அதையும் எழுத வேண்டியிருந்தது. எழுதியது தவசிதான். குழை உள்ளே போனது, ஆனால் வெளியே வரவில்லை. அது என்ன ஆயிற்று என்று மாதவன் கேட்டார். ஆடு தின்றுவிட்டது என்றார் தவசி. அப்படியானால் அது உள்ளே பயன்படுத்தப்பட்ட பொருள், அதற்குத் தனிப் பக்கம் போடுங்கள் என்றார் மாதவன். தவசி போட்டார். பாலைக் கறந்து வெளியே கொடுத்துவிடலாமா என்று ஒச்சம்மாள் கேட்டனுப்பினாள். தவசி அந்தக் கேள்வியை அதிகாரியிடம் கொண்டுபோகவே இல்லை.

விஷயம் பொன்னுச்சாமியின் காதுக்குப் போனது. மண்டலத்தில் பெரிய கம்பெனி அவருடையதுதான். அவர் குடோன் நிழலில்தான் குட்டிகள் பிறந்தன என்பதால், மாதவன் மேலிடத்துக்கு எழுதி இன்னும் பதில் வராத காகிதத்தில், உற்பத்தியாளர் இடத்தில் அவர் பெயர் வந்திருந்தது. கம்பெனியின் ஷிப்பிங் வேலைகளைப் பார்க்கும் சித்ரகலாவையும் கூட்டிக்கொண்டு மாதவனின் அறைக்கு வந்தார். தவசியையும் வரச்சொல்லியிருந்தார்கள்.

"ஏனுங்க சார், நான் பனியன் தானுங்க போடறேன். ஆட்டுக்குட்டியெல்லாம் எனக்கு லைசென்ஸ்லயே இல்லீங்களே," என்றார் பொன்னுச்சாமி.

அதுதான் பிரச்சினை என்றார் மாதவன். லைசென்ஸில் இல்லாததை உற்பத்தி செய்திருக்கிறீர்கள்.

சித்ரகலா கெட்டிக்காரி. பி.காம். படித்துவிட்டு வேலைக்கு வந்து, எந்தச் சரக்கை எந்தத் தலைப்பில் காட்டினால் எந்தத் தொல்லை இருக்காது என்பதை விரல் நுனியில் வைத்திருந்தாள். அவள் ஒரு வழி சொன்னாள். ஆடு சினையாகத்தான் வந்தது. அப்படியானால் குட்டிகளும் ஆட்டோடு சேர்ந்தே கேட்டைத் தாண்டி வந்திருக்கின்றன. வந்தது மூன்று, போவதும் மூன்று. கணக்கு சரி.

பொன்னுச்சாமி அவளைப் பெருமையாகப் பார்த்தார். மாதவன் பேனாவை மூடி வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"வந்தது மூணு. எழுதினது ஒண்ணு. அப்ப ரெண்டை வயித்துக்குள்ள மறைச்சுக் கொண்டு வந்திருக்காங்க. அதுக்குப் பேரு கடத்தல். நோட்டுல கையெழுத்துப் போட்டிருக்கறது தவசி. சரக்கு அவர் சம்சாரத்தோடது."

உடனே, குட்டிகள் உள்ளேயேதான் உண்டாயின என்று சித்ரகலா தன் வாதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். தவசி அவளைக் கும்பிட்டார்.

அடுத்து, ஆட்டை இயந்திரமாகக் காட்டலாம் என்றாள் அவள். தையல் மெஷினைப் போல. வேலை முடிந்ததும் வெளியே கொண்டுபோக விதி இருக்கிறது. மாதவன் அதையும் பொறுமையாகக் கேட்டார். ஆடு இயந்திரம் என்றால் குட்டிகள் அந்த இயந்திரத்தின் தயாரிப்பு. தயாரிப்பு ஏற்றுமதியாக வேண்டும் என்றார். தன் கம்பெனியில் தைக்கும் நைட் டிரெஸ்ஸோடு சேர்த்து ஜெர்மனிக்கு அனுப்பட்டுமா என்று பொன்னுச்சாமி கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். மாதவன் அதைக் குறித்துக்கொண்டு, கால்நடை மருத்துவச் சான்று வாங்க முடிந்தால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார்.

இவர்கள் உள்ளே பேசிக்கொண்டிருந்த நேரத்தில், குடோன் பக்கம் ஆடு சும்மா இருக்கவில்லை. குட்டி போட்ட ஆட்டுக்குப் பசி அதிகம். ஒச்சம்மாள் கொண்டுவரும் கட்டு காலையிலேயே தீர்ந்துவிடும். ஒரு அட்டைப்பெட்டியின் மூலை ஏற்கெனவே கிழிந்திருந்தது. உள்ளே சீனத்து லேஸ் இருந்தது. வெள்ளை நிறம், பூவேலைப்பாடு, பெண்கள் நைட் டிரெஸ்ஸுக்குக் கழுத்தில் வைத்துத் தைப்பது. ஆட்டுக்கு அது பிடித்திருந்தது. தவசி போய்ப் பார்த்தபோது வாயிலிருந்து ஒரு முழம் தொங்கிக்கொண்டிருந்தது. இழுத்துப் பார்த்தார். ஆடு மீதியையும் விழுங்கிவிட்டு அவரைப் பார்த்தது.

இந்தத் தடவை எழுதாமல் விட்டுவிடலாமா என்று தவசி நிஜமாகவே யோசித்தார். கேட் கூண்டில் உட்கார்ந்து, நோட்டைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். லேஸ் இன்று உள்ளே வரவும் இல்லை, வெளியே போகவும் இல்லை, ஆட்டுக்குள் போயிருக்கிறது. அதற்கு நோட்டில் பத்தி இல்லை. ஆனால் சரக்கு எண்ணும்போது எப்படியும் குறையும். குறைந்தால் கேட்டில் இருந்தவன் திருடன். தவசி நேராக மாதவனிடம் போய்ச் சொல்லிவிட்டார்.

மாதவன் தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். அஸ்ஸாம் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

இது முந்தையதைவிடப் பெரிய சிக்கல். வரி கட்டாத சீன லேஸ் இப்போது ஆட்டுக்குள் இருந்தது. ஆடு வெளியே போனால் லேஸும் வெளியே போகும். லேஸ் கணக்கு நேராகாமல் அந்த லேஸில் தைத்த எந்தத் துணியும் மண்டலத்தை விட்டு நகரக் கூடாது. பொன்னுச்சாமியின் கன்டெய்னரில் இருந்தது முழுக்க அந்த லேஸில் தைத்த நைட் டிரெஸ். தூத்துக்குடியில் கப்பல் காத்திருந்தது. ஜெர்மனியில் வாங்குகிறவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

மாதவன் கன்டெய்னரை நிறுத்திவைத்தார்.

தைக்கிறபோது இவ்வளவு சதவீதம் வீணாகலாம் என்று கணக்கு உண்டு, அதில் ஆடு தின்றதைச் சேர்க்கலாம் என்று சித்ரகலா சொல்லிப் பார்த்தாள். வீணான லேஸைக் கண்ணால் காட்டினால் சேர்க்கலாம் என்றார் மாதவன். தவசியிடம் ஒரு பாலித்தீன் கவரைக் கொடுத்து ஆட்டின் பின்னால் நிற்கவைத்தார்கள். தவசி நின்றார். சீருடையில், தொப்பியோடு, அந்தக் கவரைப் பிடித்துக்கொண்டு ஆடு போன இடமெல்லாம் போனார். தையல் பெண்கள் ஜன்னலில் வந்து பார்த்தார்கள். கிடைத்ததையெல்லாம் மேசையில் பரப்பிப் பார்த்ததில் லேஸ் ஒரு இழைகூட இல்லை.

பொன்னுச்சாமி தவசியைத் தனியாகக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. அவருக்குக் கோபம் வந்தால் குரல் இன்னும் தணிந்துவிடும்.

"ஏப்பா தவசி, ஒரு ஆடு உள்ள வந்துச்சு. அதை யாரும் பாக்கல. உன்னையத் தவர. எழுதச் சொல்லி உனக்கு ஆரு வெத்தல பாக்கு வெச்சாங்க?"

தவசி சட்டைப்பையில் இருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"இந்த கன்டெய்னர் போகலீன்னா எனக்கு அந்த ஆர்டர் போச்சு. எனக்கு அது போச்சுன்னா உனக்கு இந்த வேலை போச்சு. பாத்துக்கப்பா."

தவசி வீட்டுக்குப் போனபோது ஒச்சம்மாள் ஆடு கட்டும் இடத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள். கட்ட ஆடில்லாவிட்டாலும் கூட்டினாள். வேலை போனாலும் போகும் என்று தவசி சொன்னார். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

"உங்கள ஒண்ணு கேக்கவா? எழுதுனது தப்பா சரியா?"

"சரிதான் புள்ள."

"அப்ப ஏன் எல்லாரும் உங்களயே வையுறாக?"

அன்று அவள் குழம்பு வைத்தாள். அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

காலையில் பொன்னுச்சாமி ஒரு யோசனையோடு வந்தார். மண்டலத்துக்குள் வந்த பொருளை மண்டலத்துக்குள்ளேயே பயன்படுத்தித் தீர்த்துவிட்டால் வரி உண்டா என்று மாதவனைக் கேட்டார். இல்லை என்றார் மாதவன். குழை உள்ளே வந்தது, ஆடு தின்றது, அதற்கு வரி இல்லை அல்லவா என்று கேட்டார். ஆமாம் என்றார் மாதவன். அப்படியானால், என்றார் பொன்னுச்சாமி, கேண்டீன் இருக்கிறது, இத்தனை பேர் வேலை செய்கிறார்கள், ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்கு ஆட்டுக்கறி போட்டால் என்ன.

மாதவன் வெகுநேரம் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். எங்கேயும் தடை இல்லை. ஆடு தீரும். குட்டிகள் தீரும். ஆட்டோடு லேஸும் கணக்கிலிருந்து தீரும்.

"நான் சைவம்," என்றார் கடைசியில். புத்தகத்தை மூடி வைத்தார். "ஆனா சட்டத்துல இடம் இருக்கு."

செய்தி கேட்டை அடைந்தபோது ஒச்சம்மாள் குழைக்கட்டோடு அங்கே நின்றிருந்தாள். தவசிதான் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவள் குழைக்கட்டைக் கீழே போட்டாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் கேட்டுக்கு நேர் எதிரே, ரோட்டின் நடுவில் உட்கார்ந்தாள்.

உள்ளே கன்டெய்னர் லாரி, ஆட்டுக் கணக்கு தீர்ந்ததும் புறப்படத் தயாராக நின்றது. வெளியே துணி ஏற்றிவந்த லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. ஹாரன் அடித்தார்கள். அவள் திரும்பவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி வேலைக்கு வந்துகொண்டிருந்த பெண்கள் என்ன ஏது என்று கேட்டுவிட்டு, உள்ளே போகாமல் அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டார்கள். அன்றைக்கு கேண்டீனில் என்ன கறி என்று தெரிந்ததும் இரண்டு பேர் உட்கார்ந்தும்விட்டார்கள்.

பொன்னுச்சாமி தவசியைப் பார்த்தார். உன் சம்சாரத்தை எழுப்பு என்று அர்த்தம். தவசி போனார். அவள் பக்கத்தில் குனிந்தார். என்ன சொல்வது என்று தெரியாமல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு அவரும் உட்கார்ந்துவிட்டார்.

வேலை அத்தோடு போயிற்று என்றுதான் அவருக்குத் தோன்றியது. ஆச்சரியமாக, இடுப்பு வலி கொஞ்சம் குறைந்தது போலிருந்தது.

கடைசியில் மாதவனே நடந்து வந்தார். கேட்டைத் தாண்டி, இந்தியாவுக்குள் வந்து, வெயிலில் நின்று, சட்டம் என்ன சொல்கிறது என்று ஒச்சம்மாளுக்கு முதலிலிருந்து விளக்கினார். மரியாதையாகத்தான் விளக்கினார். உள்ளே இருப்பது வரியைப் பொறுத்தவரைக்கும் வெளிநாட்டுச் சரக்கு, நான் என்ன செய்யட்டும் அம்மா என்று முடித்தார்.

ஒச்சம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சார், பொங்கலூர்ல ஒரு தோட்டத்துல வாங்கி, கயித்தப் போட்டு நடத்தியே கூட்டியாந்தேன். வழியில கால் வலிக்குதுன்னு படுத்துக்கிருச்சு, தூக்கிட்டு நடந்தேன். அது எந்த நாட்டு ஆடுன்னு எனக்குத் தெரியாதா?"

மாதவன் ஏதோ பொறி தட்டியதுபோல, கூப்பிட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் தன் அறைக்கு வேகமாகப் போனார். திரும்பி வந்தபோது விதிப் புத்தகத்தில் விரலை வைத்திருந்தார். முகத்தில் முதல்தடவையாகச் சிரிப்பு.

விஷயம் இதுதான். உள்ளூர்ப் பொருள் ஒன்று தவறுதலாக மண்டலத்துக்குள் வந்துவிட்டால், அது உள்ளூர்ப் பொருள்தான் என்று உள்ளூர் அதிகாரி சான்று கொடுத்தால், வந்த வழியே திருப்பி அனுப்பிவிடலாம். அதற்குப் பிறந்ததும் அதோடு சேர்ந்துதான். அது தின்ற லேஸை விபத்தில் சேதமானதாக எழுதிக்கொள்ளலாம். வேண்டியது ஒரே ஒரு சான்றிதழ். ஆடு யாருடையது, எங்கிருந்து வந்தது, எந்த இடத்துக்குள் புகுந்தது என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

பொன்னுச்சாமி அங்கேயே ரோட்டில் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்தார். ஆட்டைக் கும்பிட்டாரா, மாதவனைக் கும்பிட்டாரா என்று தெரியவில்லை. தன்னுடைய காரையே கொடுத்து சித்ரகலாவை அனுப்பினார்.

கிராம நிர்வாக அலுவலர் தாலுகா ஆபீஸ் போயிருந்தார். அவருடைய உதவியாளர் அங்கமுத்து இருந்தார். ஊரில் தலையாரி என்பார்கள். ஓய்வு பெறும் வயது. நீங்க விவரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு வாங்க, நான் வந்து கையெழுத்துப் போடறேன் என்று அலுவலர் போனில் சொல்லிவிட்டார். அங்கமுத்து காரில் ஏற மறுத்து, தன்னுடைய டி.வி.எஸ். ஃபிப்டியிலேயே பின்னால் வந்தார்.

அவர் வந்து இறங்கியபோது கேட்டில் திருவிழாக் கூட்டம். லாரி டிரைவர்கள், தையல் பெண்கள், பொன்னுச்சாமி, ரோட்டில் உட்கார்ந்திருந்த தவசியும் ஒச்சம்மாளும். ஆட்டையும் குட்டிகளையும் கேட்டின் உள்பக்கம் வரை கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். ஒச்சம்மாளைக் கண்டதும் ஆடு கத்தியது. அங்கமுத்து எல்லோருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கேட் கூண்டில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுத ஆரம்பித்தார்.

அவசரப்படவில்லை. உரிமையாளர் பெயரைக் கேட்டார். ஒச்சம்மாள் என்ற பெயரை இரண்டு தடவை சொல்லவைத்து எழுதினார். ஆட்டின் நிறம், காதின் நீளம் எல்லாம் எழுதினார். குட்டிகள் ஆணா பெண்ணா என்று தூக்கிப் பார்த்து எழுதினார். பொங்கலூரில் யார் தோட்டம் என்று விசாரித்து, அந்தத் தோட்டக்காரரின் அப்பாவைத் தனக்குத் தெரியும் என்றார். சுற்றி நின்றவர்கள் மூச்சுவிட்டார்கள். கன்டெய்னர் டிரைவர் போய் வண்டியை ஸ்டார்ட் செய்தான். பொன்னுச்சாமி தவசியின் தோளில் தட்டி, நாளைக்கு நேரத்துல வந்துருப்பா என்றார். தவசி தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டார்.

"புகுந்த எடம் எதுங்க சார்?" என்று கேட்டார் அங்கமுத்து.

இந்த மண்டலம்தான் என்றார் மாதவன்.

"அப்படி எழுதக் கூடாதுங்க. எங்களுக்கு சர்வே நெம்பருதானுங்க வேணும்."

மாதவன் அதற்கும் தயாராக இருந்தார். ஃபைலைப் புரட்டி, எண்ணை நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினார். அங்கமுத்து எழுதப் போனவர் பேனாவை நிறுத்தினார். எண்ணை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். மாதவன் சொன்னார். அங்கமுத்து எழுந்து நின்று கிழக்கே பார்த்தார், பிறகு மேற்கே பார்த்தார். மூன்று மாடிக் கட்டடத்தைப் பார்த்தார். மாதவனின் அறையைப் பார்த்தார். கடைசியாக ஆட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, அதே பணிவான குரலில் சொன்னார்:

"இது எங்க கணக்குல இன்னிவரைக்கும் மேய்ச்சல் பொறம்போக்குதானுங்க சார், ஆடு இங்க இருக்கறதுக்கு ஒரு சர்டிபிகேட்டும் வேண்டியதில்லீங்க, நீங்கெல்லாம் எந்த உத்தரவுல உள்ள வந்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க, எழுதிக்கறேன்."